கண்ணிகளில் எழுதிய பரகத்

கம்பளி நூலும் ஊசிகளுமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவது எம்மவர் வழக்கம். நெசவுக்கு வரலாறு உண்டு. பாய் இழைப்பைப் பற்றியும் யாராவது கட்டுரை எழுதுகிறார்கள். சிநேகிதியின் குழந்தைக்கு ஒரு தொப்பி, அயல்வீட்டு மாமிக்கு ஒரு சால்வை என்று பின்னிக் கொடுப்பதற்கு என்ன வரலாறு இருக்கப்போகிறது என்பார்கள். நாற்பது வருடமாக வெலிமடைக் குளிரில் பின்னிவரும் எனக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. விடை முஸ்லிம் வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

கண்ணிக்குள் கண்ணியை இழுத்து, ஊசிகளில் தாங்கி வளர்க்கும் பின்னலின் மிகப் பழைய சான்றுகள் எகிப்திலிருந்து கிடைத்தவை. 11ஆம் நூற்றாண்டு முதலான காலத்துக்குரியவை என மதிப்பிடப்படும் பருத்திக் காலுறைகள் அவை. அவுரி நீலமும் வெள்ளையுமாக, சிலவற்றில் கூபி எழுத்தை ஒத்த பட்டைகளும் உண்டு. அதற்குப் பல நூற்றாண்டு முந்திய காலுறைகளும் அதே மண்ணில் அகப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை ஒற்றை ஊசியால் நூலைக் கோத்துச் செய்தவை. அது வேறு தொழில். நீலமும் வெள்ளையுமான அந்தக் காலுறைகளைப் படத்தில் பார்த்தபோது, குதிகாலை வளைக்க நான் படும் பாட்டை அந்தக் கையும் பட்டிருக்கிறது என்று தெரிந்தது. தொள்ளாயிரம் ஆண்டு இடைவெளி ஒரு நொடி இல்லாமற் போயிற்று.

எகிப்தை விட்டால் அடுத்த பெருஞ்சான்று ஸ்பெயினில் இருக்கிறது. கஸ்தீலியா மன்னன் பத்தாம் அல்பொன்சோவின் மூத்த மகன் பெர்னாந்தோ. 1275இல் மொறோக்கோவின் மரீனியப் படை கடல் கடந்து வந்தபோது, அதனை எதிர்க்கப் புறப்பட்டவன் வழியிலேயே இறந்துபோனான். வயது பத்தொன்பது. பூர்கோஸ் நகரின் லாஸ் வெல்காஸ் மடத்தில் அடக்கம் செய்தார்கள். நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த கல்லறைகளை உடைத்துச் சூறையாடியபோது இவனுடையது மட்டும் தப்பியது. 1940களில் ஆய்வாளர்கள் அதைத் திறந்தபோது உடைகளோடு பட்டு நூலாற் பின்னிய ஒரு தலையணையும் இருந்தது.

அதன் நுணுக்கத்தை ஊசி பிடித்தவர்களே முழுதாக உணர்வார்கள். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 கண்ணிகள். நான் குழந்தைத் தொப்பி பின்னினால் அங்குலத்துக்கு ஏழு, மிஞ்சினால் எட்டு. கட்டங்களுக்குள் அரச சின்னங்கள், பறவைகள். ஓரத்தில், திரும்பத் திரும்ப, கூபி எழுத்தில் ஒரே சொல்: பரகத்.

இது முஸ்லிம் கைவினைஞரின் வேலை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. முஸ்லிம்களோடு போரிடப் போய் மாண்ட இளவரசனின் தலை, முஸ்லிம் கை பின்னிய பரகத்தில் சாய்ந்து ஏறத்தாழ 670 ஆண்டு கிடந்திருக்கிறது. பின்னியவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, பெயர் எதுவும் இல்லை. கூலிக்குச் செய்த வேலையாகவே இருக்கட்டும். கூலி கொடுத்தவன் சின்னங்களைக் கேட்டிருப்பான். ஓரத்துச் சொல்லில் பின்னியவரின் மனதும் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

1609க்கும் 1614க்கும் இடையில் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினை விட்டு விரட்டப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் தூனிஸில் குடியேறி, ஷாஷியா என்னும் சிவப்புத் தொப்பித் தொழிலை அங்கு வளர்த்தெடுத்தார்கள். வெட்டித் தைத்த துணி என்றுதான் பார்ப்பவர் நினைப்பர். உண்மையில் அது பின்னல். பெண்கள் வீட்டில் வெள்ளைக் கம்பளியில் தலைக்குப் பொருந்தாத பெரிய குல்லா ஒன்றைப் பின்னுவார்கள். அதைச் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் அடித்துத் துவைக்க, சுருங்கித் தடித்துக் கண்ணிகள் மறைந்துபோகும். பிறகு முட்செடியின் காய்ந்த தலையால் வாரி, சாயம் தோய்த்து, அச்சில் ஏற்றுவார்கள். கடைத்தெருவில் தொப்பி ஆணின் தொழில். அதன் முதற் கண்ணி பெண்ணுடையது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

துருக்கித் தொப்பியும் இதே முறையிற் பிறந்ததுதான். பிற்காலத்தில் ஒஸ்மானியருக்குப் பெருமளவில் தொப்பி அனுப்பிய பொஹீமியாவின் ஸ்ட்ராகொனிட்சே ஆலைகளும் பின்னிச் சுருக்கியே செய்தன. 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த ஒராபி பாஷாவின் தலையிலிருந்து அந்தத் தொப்பி எமது மூதாதையரின் தலைக்கு வந்தது. 1905இல் சட்டத்தரணி எம். சீ. அப்துல் காதர் அதனை அணிந்து நீதிமன்றில் தோன்றியதற்குப் பிரதம நீதியரசர் ஆட்சேபித்ததும், அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் கூடிய பெருங்கூட்டமும் இவ்விதழின் வாசகர்கள் அறியாதவையல்ல. அணிந்தவர், தடுத்தவர், கூட்டத்திற் பேசியவர் எல்லோரைப் பற்றியும் எழுதியாயிற்று. தொப்பி பின்னலாற் பிறந்தது என்ற ஒரு வரியை அவற்றில் நான் கண்டதில்லை.

இயந்திரக் கதை சுருக்கமானது. 1589இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் கைப்பின்னலுக்கான தேவை சிறுகச் சிறுகக் கழிந்தது. கடையில் மலிவாகக் கிடைப்பதை ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து பின்னுவதற்குக் காரணம் இன்னொரு மனிதர்தான். 1914இல் தொடங்கிய போரில், முகம் தெரியாத படையினருக்காகப் பெண்கள் காலுறை பின்னி அனுப்பியதும் அப்படித்தான்.

என் அனுபவமும் அதுவே. பின்னும்போது கை ஓரிடத்தில், நினைவு அந்த ஒருவரில். மாமிக்குச் சால்வை பின்னிய மாதம் முழுவதும் அவர் சிரிப்பும் இருமலும் என் மடியில் இருந்தன. பின்னிக் கொடுத்ததும் ஒரு வெறுமை வரும். அடுத்த நூலுருண்டை வாங்கினால்தான் அது போகும். கூலி பேசினால் கணக்குக் கட்டாது, பேசாமலிருப்பதில்தான் சுகம்.

சென்ற வருடம் ஒரு சிநேகிதிக்குப் பேரன் பிறந்தபோது பூர்கோஸ் தலையணையின் சொல்லைச் சதுரக்கோட்டுக் கொப்பியில் வரைந்து தொப்பியின் விளிம்பில் பின்னினேன். அப்போதுதான் ஒன்றை அவதானித்தேன். வட்டமாகப் பின்னும்போது கண்ணிகள் வலமிருந்து இடமாக விழுகின்றன. அரபு எழுதும் திசையும் அதுவே. ஒவ்வொரு சுற்றிலும் ‘பே’ முதலில் வந்தது, ‘றே’ தொடர்ந்தது. தமிழில் ஒரு பெயரைப் பின்ன முயன்றால் கடைசி எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சிநேகிதிக்கு மகிழ்ச்சி தாளவில்லை. இதே மாதிரிக் காலுறையும் வேண்டுமென்றாள். பக்கத்திலிருந்த அவளுடைய உம்மா சம்மதிக்கவில்லை.

“பரகத்தைக் கால்ல போடுறதா மகள்? தலைக்கு மட்டும் பின்னுங்க.”

காலுறைக்கு நீலமும் வெள்ளையுமாக வெறும் கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன்.