மதுரைச் சமவெளியில் தொலையுணர்வு நிலவியல்

மதுரையையும் வைகைச் சமவெளியையும் தாங்கி நிற்கும் பாறைகள், முறிவுகள், பழைய ஆற்றுத் தடங்கள் ஆகியவற்றை வான்படங்களிலும் செயற்கைக்கோள் படிமங்களிலும் ஆராயும் துறை. பாறையை அறியப் புறப்பட்ட இந்த ஆய்வு, இங்கே தண்ணீர் தேடும் வேலையாகவே அதிகம் பயன்பட்டது.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ராபர்ட் புரூஸ் புட் 1883இல் வெளியிட்டார். பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் அவர்தான். ஊர் ஊராகச் சுற்றி, பாறையைச் சுத்தியலால் உடைத்துப் பார்த்து எழுதியது அந்த நிலவியல்.

1972 ஜூலையில் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் ஏவப்பட்டது. அதன் படிமத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர். அந்தக் கணக்கில் 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் மதுரையின் யானைமலை நீளவாக்கில் நாற்பது புள்ளிகளில் அடங்கிவிடும். தனிப் பாறையைப் படிக்க அது போதாது. ஆனால் ஒரே படிமம் 185 கிலோமீட்டர் அகலத்தைக் காட்டியதால், நடந்து போகிறவர் கண்ணுக்குச் சிக்காத நீண்ட கோடுகள் தெரிந்தன. அவற்றைக் கொண்டு டிரூரி, ஹோல்ட் என்ற ஆய்வாளர்கள் 1980இல் தென்னிந்திய நிலஓட்டின் கட்டமைப்பை வரைந்தனர். வடக்கே பாலக்காடு–காவிரி, தெற்கே அச்சன்கோவில் என இரு பெயர்ச்சி மண்டலங்களுக்கு நடுவே கிடக்கும் நிலம் இன்று ‘மதுரைப் பாளம்’ எனப்படுகிறது. கொடைக்கானல் மலையும் இதற்குள்தான் வருகிறது.

1988 மார்ச் 17இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ ஏவப்பட்டபின் இந்தியாவுக்குச் சொந்தப் படிமங்கள் கிடைத்தன. பொய்வண்ணப் படிமத்தில் பயிர் சிவப்பாகவும், நிரம்பிய கண்மாய் கறுப்புப் பிறையாகவும் தெரியும். வறண்ட மேட்டில் சிவப்பு ஒரே நேர்கோட்டில் ஓடினால், அடியில் பாறை வெடிப்பு இருக்கலாம். சார்னோகைட்டும் நைஸும் நிறைந்த கடும்பாறைப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர் தருபவை இத்தகைய வெடிப்புகளே. ரயில் பாதையும் வாய்க்காலும் இதேபோல் கோடாகத் தெரிந்து ஏமாற்றும். களத்துக்குப் போய்ப் பார்க்காமல் ரிக் வண்டியைக் கூப்பிடுவது பணத்துக்குக் கேடு.

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ். எம். இராமசாமியும் குழுவினரும் படிமங்களை நில அசைவின் பக்கமும் ஆற்றின் பக்கமும் திருப்பினர். புதுச்சேரியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை நிலம் தாழ்ந்து இறங்கியிருப்பதாக 1998இல் எழுதினர். வைகை விட்டுச்சென்ற தடங்களும் இவ்வாறே தேடப்பட்டன. தண்ணீர் ஓடாவிட்டாலும், பழைய படுகை மணல் பிடித்துவைத்த ஈரம் படிமத்தில் நிறம் மாறித் தெரியும்.

2012இல் மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகளை அளக்க அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆளில்லா விமானம் பறந்தது. எங்கே எவ்வளவு வெட்டப்பட்டது என்பது வழக்குக்குரிய கேள்வியாகிவிட்ட நேரம் அது.

தொலையுணர்வு கைவிடும் இடமும் உண்டு. அகழாய்வுத் தலமான கீழடியில் தென்னந்தோப்புக்கு அடியில் கிடக்கும் செங்கல் சுவரைச் செயற்கைக்கோள் காட்டவில்லை. 2019இல் ஐந்தாம் கட்ட அகழாய்வுக்கு முன், ஆளில்லா விமான அளவீட்டோடு தரை ஊடுருவும் ராடாரையும் காந்தமானியையும் தரையிலேயே நகர்த்திப் பார்த்தபிறகுதான் குழி போடும் இடங்களைக் குறித்தார்கள்.