கரிசல் வம்சங்கள் – 9: தீட்சிதர் வீட்டுக் கடைக்குட்டி

போன வாரம் நாகலாபுரத்துத் தூக்குமரத்தடியில் நிறுத்தியிருந்தேன். 1799 செப்டம்பர் 13, பாஞ்சாலங்குறிச்சித் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையைக் கும்பெனி தூக்கிலிட்ட நாள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், கோலார்பட்டி, ஏழாயிரம்பண்ணை, காடல்குடி, குளத்தூர் பாளையங்களும் பறிபோயின. கும்பெனி பக்கம் நின்ற எட்டயபுரம் தப்பியது; பறித்த நிலத்தில் பங்கும் பெற்றது. அந்தத் துரோகத்தை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் தப்பிப் பிழைத்த அந்த அரண்மனைதான் திருவாரூரிலிருந்து வந்த ஒரு சங்கீதக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1904இல் எட்டயபுரத்தில் அச்சேறிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் பாலுசுவாமி தீட்சிதரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஹம்சத்வனி ராகத்தைத் தந்த ராமசுவாமி தீட்சிதரின் பிள்ளைகளில் மூத்தவர் முத்துசுவாமி, அடுத்தவர் சின்னசுவாமி, ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி பாலுசுவாமி, பிறந்தது 1786. குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் ஆதரவில் இருந்த காலம். கோட்டையில் வெள்ளைக்காரப் பேண்டு முழங்கும். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். தம்பியின் கண் போனது பிடிலின் மேல். வெள்ளைக்கார வித்வான் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்டு, கச்சேரிக்கு ஏற்றபடி அதை வளைத்தெடுத்தார். வீணை, ஸ்வரபத், சிதார், மிருதங்கம் எல்லாம் ஏற்கெனவே கைவந்தவர். கமகம் விரலுக்குள் ஊறிக் கிடந்தவர் கையில் பிடில் கிடைத்தால் என்ன ஆகும்? சதஸில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி இன்று தோடி வாசிக்கிறார்களே, அந்த வழிக்கு முதல் அடி எடுத்து வைத்தவர் இவர்தான்.

தஞ்சை நால்வரில் வடிவேலுவுக்குத்தான் அந்தப் பெருமை என்று வாதிடுவோர் உண்டு. 1834இல் சுவாதித் திருநாள் தந்த தந்தப் பிடிலைச் சாட்சிக்கு இழுப்பார்கள். வடிவேலு பெரிய மேதை, சந்தேகமில்லை. ஆனால் அவர் பிறந்தது 1810இல். பாலுசுவாமிக்கு 24 வயது இளையவர், முத்துசுவாமியின் சீடர் வேறு. என் தீர்ப்பு பாலுசுவாமி பக்கம்.

தகப்பனார் 1817இல் காலமான பின் தம்பிகள் இருவரும் மதுரைப் பக்கம் போனார்கள். அங்கே சின்னசுவாமி இறந்தார். ஒண்டியாக நின்ற பாலுசுவாமியை எட்டயபுரத்து அரண்மனை அழைத்துக்கொண்டது. தம்பியைத் தேடித்தான் முத்துசுவாமி இந்தக் கரிசலுக்கே வந்தார். வழியில் வறண்ட காட்டைப் பார்த்து அமிர்தவர்ஷினி பாட, மழை கொட்டியதாம். போதும் போதும் என்று அவரே மறுபடி பாடி நிறுத்தும்படி ஆயிற்றாம். கரிசல் நனைந்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும், வண்டிச் சக்கரம் நகராது என்று அறிந்தவர்களுக்கு அந்த இரண்டாம் பாதி நன்றாகவே புரியும். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் மழையைப் பேசுகிறவர்கள் அவர் யாரைத் தேடி வந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் அண்ணன் கண்ணை மூடினார். நாலு வருஷம் கழித்து, 1839இல், திருவாரூரில் பாலுசுவாமியின் மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. சுப்பராமன். ஐந்து வயதில் தாத்தா அவனை எட்டயபுரத்துக்குக் கூட்டிவந்து சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பேரன் பிள்ளையானான். பதினேழு வயதில் தர்பார் ராகத்தில் வர்ணம் செய்து பாடிக் காட்ட, ராஜாவுக்குச் சந்தேகம், கிழவர் செய்து கொடுத்திருப்பாரோ என்று. தாத்தாவை அப்பால் இருத்திவிட்டு இன்னொரு உருப்படி கேட்டார். பையன் சளைக்கவில்லை, செய்து முடித்தான்.

1858இல் பாலுசுவாமி போய்ச் சேர்ந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். முத்துசுவாமியைச் சுப்பராமர் கண்ணால் கண்டதில்லை. அண்ணன் வீணையிலும் குரலிலும் இருந்தது தம்பி வழியாக, ஏறத்தாழ பதினான்கு வருஷப் பாடத்தில், ஒரு சிறுவனுக்கு வந்தது. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் முத்துசுவாமியின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளைக் கமகக் குறியோடு தெலுங்கு எழுத்தில் அச்சிட்டார். 1906இல் அவர் மறைந்தபோது எட்டயபுரத்துக்காரரான பாரதி இரங்கற்பா எழுதினார். சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்குப் போய்ப் பாடம் சொன்னார், டி.கே. பட்டம்மாளும் அவரிடம் கற்றவர்.

எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதிக்குப் போகிறவர்கள் பாலுசுவாமியின் பெயரையும் சொல்லி ஒரு கும்பிடு போடுங்கள். அந்த மரியாதை நாம் அவருக்குப் பட்ட கடன். புத்தகம் அச்சேறிய கதை அடுத்த வாரம்.