அஸ்திவாரத்தைக் கண்ட கண்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்துள்ள எல்லையோர ஊர்களுள் ஒன்று குளத்தூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் எல்லைக்கு இப்பால் ஒரு கட்டட விதி, அப்பால் மற்றொரு விதி. ஆனால் செங்கல்லின் பாரமும் மண்ணின் வலிமையும் எல்லைக்கல்லை அறியமாட்டா. ஆகவே, விதி எங்கே எழுதப்பட்டது என்பதினும், அதன்படி கட்டப்படுகிறதா என்பதை யார், எப்போது பார்க்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

இக்கேள்வி மிகப் பழமையானது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டம், வீடு இடிந்து அதன் உரிமையாளன் மாண்டால் கட்டியவனுக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை கடுமையே, எனினும் அது இடிந்த பிறகு வருவது. வருமுன் காக்கும் வழியை லண்டன் மாநகரில் காண்கிறோம். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப்பின், செங்கல்லாலும் கருங்கல்லாலுமே வீடு கட்டவேண்டும் என்று 1667இல் சட்டம் பிறந்தது. அதனோடு நில்லாமல், விதி நிறைவேறுகிறதா என்று பார்க்க அளவையாளரும் நியமிக்கப்பட்டனர். விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தாமே தெருத்தெருவாகச் சென்று அஸ்திவாரங்களை அளந்து குறித்தார். கண்காணிப்பு கட்டும்போதே நடக்கவேண்டும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

காரணம் எளிது. அஸ்திவாரம் மண்ணுக்குள் மறைகிறது. இரும்புக் கம்பி கான்கிரீட்டுக்குள் மறைகிறது. அதன்மேல் பூச்சும் வர்ணமும் ஏறிவிட்டால், குறை எவர் கண்ணிலும் படாது. அதனால்தான் கான்கிரீட் கலவையைச் சிறு கனசதுரங்களாக வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. கம்பி கட்டியதும் பார்க்காதவர், கலவை கொட்டியபின் பார்த்துப் பயனில்லை.

இப்பாடத்தை நாம் பெருவிலை கொடுத்துக் கற்றோம். 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பிழைப்புக்காக ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளரும் அவர்களுள் பலர். அனுமதி பெற்ற கட்டடமே அது! நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை நடந்தது. எஞ்சி நின்ற இணைக் கட்டடமும் 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கேரளத்து மரடுவிலோ பிழை அனுமதியிலேயே இருந்தது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்க, 2019 மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் அவை தரைமட்டமாயின. வாழ்நாள் சேமிப்பை இட்டு வீடு வாங்கியோர் தூரத்தில் நின்று பார்த்தனர். முதற்கல் நடும்போதே ஓர் உறுதியான கை தடுத்திருந்தால் அக்கண்ணீர் நேர்ந்திராது.

2017இல் 72 உயிரைக் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத் தீக்குப்பின், இங்கிலாந்து 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ உள்ள குடியிருப்புகளுக்கு, வேலை தொடங்குமுன் ஒரு வாயில், குடியேறுமுன் மற்றொரு வாயில். ஒவ்வொன்றிலும் அதிகாரியின் சம்மதம் வேண்டும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகளும் 18.30 மீட்டரைத் தாண்டியவற்றை உயர்மாடிக் கட்டடமென வகுத்து, பணிமுடிப்புச் சான்றிதழைக் கோருகின்றன.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே! நம்மில் சிலர் சாரத்தின்மேல் நின்று கட்டுகிறோம். சிலர் கடன் வாங்கி அக்கட்டடத்திலேயே குடியேறுகிறோம். இருவருக்கும் உயிர் ஒன்றே. வீடு வாங்குமுன் அனுமதி வரைபடத்தையும் பணிமுடிப்புச் சான்றிதழையும் கேட்டுப் பார்ப்பது சந்தேகப் புத்தியன்று. அது நம் கடமை. ஹூக் நடந்த வழியில், மண் மூடுமுன் பார்க்கும் ஒரு கண் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேண்டும்.