குலசாமி கோயிலுக்கு எந்த வண்டி? கரிசல் காட்டு கேம்பிங்கின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

லீவு வருது, குடும்பத்தோட வெளிய போய் ரெண்டு நாள் தங்கிட்டு வரணும், எந்த வண்டி எடுக்கலாம்? ஏழு சீட்டா, வேனா, பின்னாடி படுக்கை போட்ட வண்டியா? இன்னைக்கு இந்தக் கேள்வியோட வரலாறப் பார்க்கலாம்.

"நாகலாபுரம் கேம்பிங்"னு போன்ல தேடினா ஆந்திராவுல இருக்கிற நாகலாபுரம்தான் வரும். சென்னைக்காரங்க சனி, ஞாயிறுல ட்ரெக்கிங் போற இடம் அது. நான் பேசப்போற நாகலாபுரம் வேற. தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் தாலுகா. கோவில்பட்டிக்குக் கிழக்கே விரியுற கரிசல் பூமி. 1799-ல கட்டபொம்மனோட தானாபதி சுப்பிரமணிய பிள்ளை தூக்கிலிடப்பட்டது இந்த ஊர்லதான்.

இங்க அருவி கிடையாது, காடுன்னா கரிசக்காடுதான். ஆனா குடும்பம் மொத்தமா கிளம்பி, வெட்டவெளியில அடுப்பு மூட்டி, ராத்திரி நட்சத்திரத்துக்குக் கீழ படுத்துட்டு வர்ற பழக்கம், டென்ட்டுங்கிற வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்தது. அதுக்குப் பேரு "சாமி கும்பிடப் போறது".

மண் சொன்ன தேதி

கரிசல் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி புரட்டாசி, ஐப்பசியில விதைப்பாங்க. கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய், பருத்தின்னு தை, மாசி தாண்டியும் ஒவ்வொண்ணா வீடு வந்து சேரும். மாசியில மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில். ஆடி கடைசி வெள்ளிக்கு சாத்தூர் பக்கத்துல இருக்கன்குடி மாரியம்மன்.

இந்தத் தேதிகளுக்குச் சமயம் ஒரு காரணம் சொல்லும். வண்டிக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூணுமே பருவமழைக்கு வெளிய இருக்கு. கரிசல் மண் தண்ணிய உறிஞ்சி உப்புற களிமண். மழை பேஞ்சா சக்கரத்துல அப்பி, ஆரக்கால் தெரியாத அளவுக்கு மூடிரும். மாடு முக்கினாலும் வண்டி நகராது. வெயில்ல அதே மண் வெடிப்பு விட்டாலும், தடம் கல்லு மாதிரி இறுகிரும். அறுவடை முடிஞ்ச காடே பாதை ஆயிரும். கையில காசு இருக்கு, மாட்டுக்கு வேலை இல்ல, தீவனம் இருக்கு. கிளம்பறதுக்கு இதவிட நல்ல நேரம் கிடையாது.

சீட் எண்ணிக்கை இல்லாத வண்டி

வசதியான வீட்டுல வில் வண்டி இருக்கும். அடியில வில் பட்டை வச்சது, குலுங்காது. மத்தவங்க வீட்டுல இருந்தது மொட்டை வண்டி. நேத்து வரைக்கும் எரு அடிச்ச அதே வண்டி. கழுவி, அச்சுக்கு மசகு போட்டு, மூங்கில வளைச்சுக் கட்டி மேல பாயைப் போர்த்தினா கூண்டு வண்டி. திரும்பி வந்ததும் கூண்டக் கழட்டினா மறுபடியும் பார வண்டி.

உள்ள என்ன போட்டாங்கன்னு பாருங்க. கீழ வைக்கோலோ தட்டையோ கனமாப் பரப்பி, மேல ஜமுக்காளம். அதுதான் மெத்தை. அதுதான் மாட்டுக்குத் தீனியும். படுக்கையும் எரிபொருளும் ஒண்ணா இருந்த வண்டி வேற எதுவும் எனக்குத் தெரியல! சேருற இடத்துல மாட்ட அவுத்து சக்கரத்துல கட்டிட்டா, வண்டிக்கு மேல ஒரு அறை, வண்டிக்குக் கீழ பகல் வெயிலுக்கு ஒரு நிழல். பக்கத்துல மூணு கல்லு வச்சா அடுப்பு. இருக்கன்குடியில அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருற மணல்ல இப்படிக் குடும்பம் குடும்பமா தங்கியிருக்காங்க.

எங்க அப்பத்தாகிட்ட "வண்டியில எத்தனை பேர் போவீங்க?"ன்னு கேட்டேன். "எல்லாரும்தான்யா"ன்னாங்க. எனக்குக் கணக்கு இடிச்சது. இருபது பேர் எப்படி ஒரு மாட்டு வண்டியில? விஷயம் வேகத்துல இருக்கு. பாரத்தோட போற மாட்டு வண்டி மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டர் போகும். மனுஷன் நடக்குற வேகம்தான். கிழவி, பிள்ளைத்தாச்சி, கைக்குழந்தை, அரிசி மூட்டை, சருவச்சட்டி இதெல்லாம் மேல. மத்தவங்க பக்கத்துல நடப்பாங்க. கால் வலிச்சா ஏறிக்கலாம், இன்னொருத்தர் இறங்கிக்கலாம். வெயிலுக்குப் பயந்து ராத்திரிப் பயணம். வேகம் கம்மியா இருந்ததால அந்த வண்டிக்கு சீட் எண்ணிக்கையே தேவைப்படல.

ரொம்ப ரொமான்டிக்கா ஆக்கிற வேண்டாம். பெங்களூரு ஐ.ஐ.எம்.-மோட முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி, நாட்டுல ஒரு கோடிக்கு மேல இருந்த மாட்டு வண்டிகளப் பத்தி 1970-களின் கடைசியில இருந்து தொடர்ந்து பேசினவர். நுகத்தடி மாட்டுக் கழுத்தப் புண்ணாக்குது, வண்டியோட அமைப்பே மாட்டு சக்திய வீணாக்குதுன்னு சொல்லி, அத மாத்தணும்னு போராடினாரு. நமக்கு நட்சத்திரம் தெரிஞ்ச ராத்திரியில மாட்டுக்குத் தெரிஞ்சது பாரம்.

அங்க சுற்றுலா, இங்க நேர்த்திக்கடன்

இதே காலத்துல வெளிய என்ன நடந்தது? 1885-ல கார்டன் ஸ்டேபிள்ஸ்ங்கிற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் "வாண்டரர்"னு ஒரு குதிரை வண்டிய, சும்மா ஊர் சுத்தத் தங்குறதுக்குன்னே செய்யச் சொல்லி நீண்ட பயணம் போனாரு. பொழுதுபோக்கு கேரவனுக்கு அதுதான் தொடக்கம்னு சொல்வாங்க. 1950-ல ஃபோக்ஸ்வாகன் வேன் உற்பத்தி ஆரம்பிச்சது. மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதுக்குள்ள படுக்கை, அலமாரி எல்லாம் பொருத்திக் கொடுத்தாங்க.

அங்க விடுமுறைக்குன்னே தனி வண்டி பிறந்தது. கரிசல்ல அப்படி ஒரு வண்டி பிறக்கவே இல்ல. வருஷம் முழுக்க சோறு போடுற வண்டிதான் ரெண்டு நாள் கோயிலுக்கும் போகணும். அடுத்து வந்த எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குது.

எஞ்சின் வந்த பிறகு

மதுரை–தூத்துக்குடி ரயில் 1876-லயே சாத்தூர், கோவில்பட்டி வழியா வந்திருச்சு. ஆனா குலசாமி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல இருக்காது. ஓடைக்கரையில, உடைமரத்தடியில, தார் ரோடு முடியுற இடத்துக்கும் அப்பால இருக்கும். அதனால மாட்டு வண்டி ரொம்ப நாள் தாக்குப் பிடிச்சது. மரச் சக்கரம் போய் டயர் வண்டி வந்தது. அப்புறம் லாரி, டிராக்டர் டிரெய்லர். 2005-ல டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை.

ஒண்ண கவனிச்சீங்களா? பழைய விதி அப்படியே தொடருது. பருத்தி ஏத்துன வண்டியக் கழுவி, தார்ப்பாய் விரிச்சு, ஆளை ஏத்து. மாறினது ஒண்ணே ஒண்ணு, வேகம். மணிக்கு நாற்பது, ஐம்பதுல போற வண்டி பக்கத்துல யாரும் நடக்க முடியாது. அதனால எல்லாரும் ஏறியே ஆகணும்.

கணக்குப் போடுவோம். முதல்ல வந்த குட்டி யானை தாங்குற எடை சுமார் 750 கிலோ. இருபது பேர், ஆளுக்கு 55 கிலோன்னு வச்சாலே 1,100. அதுக்கு மேல கிடா, பாத்திரம், விறகு. நெல் மூட்டை அசையாம கிடக்கும். மனுஷங்க நின்னுக்கிட்டு வருவாங்க, வளைவுல ஒரே பக்கம் சாய்வாங்க. எடை மேல ஏற ஏற, சின்னச் சக்கரத்து வண்டி கவிழ்றது சுலபம். கோயிலுக்குப் போன சரக்கு வண்டி கவிழ்ந்துச்சுன்னு செய்தி படிக்கிறப்ப, "டிரைவர் தூங்கிட்டாரு"ங்கிறதோட நாம நிறுத்திக்கிறோம். கிளம்பும்போதே வண்டி தப்பு.

கவிழ்ந்த பிறகு யார் கட்டுவாங்க?

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. மோட்டார் வாகனச் சட்டத்துல 1994-ல வந்த திருத்தப்படி, சரக்கு வண்டியில சரக்கோட போற சரக்கு உரிமையாளர் அல்லது அவரோட பிரதிநிதிக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறி வர்ற பயணிக்கு? 2002 கடைசியில நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிருச்சு: அவங்களுக்கு இழப்பீடு தர்ற பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்ல.

சில வழக்குகள்ல, கம்பெனி முதல்ல பணத்தக் கட்டிட்டு வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு நீதிமன்றங்கள் சொன்னதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் சுமை வந்து நிக்கிறது ஓனர் தலையில. கோயில் பயணத்துல அந்த ஓனர் யாரு? வாடகை வாங்காம வண்டி கொடுத்த உங்க சித்தப்பாவா இருப்பாரு. மருமக இறந்து, மாமனார் வீட்டு நிலம் விலைக்கு வர்ற கதை இப்படித்தான் உருவாகுது.

அப்போ கார் எடுத்துட்டா சரியா? கார் பாதுகாப்பானதுதான். ஆனா ஏழு சீட்டுன்னா ஏழு பேர். ஆம்னியும் சுமோவும் வந்ததுக்கப்புறம் "குடும்பத்தோட கோயிலுக்குப் போனோம்"ங்கிற வாக்கியத்துல குடும்பம்ங்கிற சொல்லோட அளவு சுருங்கிருச்சு. முதல்ல விடுபடுறது யாரு? பெரும்பாலும் அத்தைகளும், வண்டி வாங்க முடியாத பங்காளியும்தான். சரக்கு வண்டி எல்லாரையும் ஏத்தி ஆபத்துல விடுது. கார் ஆபத்தக் குறைச்சு ஆளைக் கழட்டி விடுது.

அப்போ என்ன எடுக்கலாம்?

என் பதில் பழைய வண்டியில இருந்தே வருது. ஆளையும் சாமானையும் பிரிங்க. கிடா, அண்டா, விறகு, தண்ணி டிரம் எல்லாம் குட்டி யானையில போகட்டும். அதுக்குத்தான் அது பிறந்தது. ஆளுங்க பயணிகள் பெர்மிட் இருக்கிற வேன்லயோ மினி பஸ்லயோ போகட்டும். வாடகை வண்டின்னா மஞ்சள் போர்டா பாருங்க. ஆர்.சி.-ல எத்தனை சீட்டு, எஃப்.சி.-யும் இன்சூரன்ஸும் எப்ப வரைக்கும்னு எம்பரிவாகன் ஆப்ல பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்.

செலவு? குலசாமிக்கு எப்படியும் தலைக்கட்டு வரி பிரிக்கிறோம். பந்தல், மேளம், கிடா எல்லாம் அந்தக் கணக்குலதான். வேன் வாடகையையும் அதுலயே சேர்த்துட்டா, கார் இல்லாத பங்காளியும் சமமா ஏறலாம். வரி பேசுற கூட்டத்துல இத எழுந்து சொல்றதுக்கு, ஆப் பார்க்கத் தெரிஞ்ச உங்கள மாதிரி ஒரு ஆள்தான் வேணும்.

"வேன் கோயில் வரைக்கும் போகாதே, கடைசி ரெண்டு கிலோமீட்டர் காட்டுப் பாதையாச்சே?" நடக்கலாம். முடியாதவங்கள மட்டும் டூ வீலர்ல ஒவ்வொருத்தரா கொண்டு போய் விடலாம். நம்ம தாத்தா காலத்துலயும் பாதிப் பேர் நடந்துதான் போனாங்க.

இந்த வாரம் வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "சின்ன வயசுல குலசாமி கோயிலுக்கு எந்த வண்டியில போனீங்க, யார் யார் மேல உட்கார்ந்தாங்க, யார் நடந்தாங்க?" பதிலப் பதிவு பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதக் கேட்கலாம்.