உரிமம் தருவது மாநிலம், தேர்வு வைப்பது தேசம்: அமெரிக்கச் செவிலியர் பதிவின் வரலாறு

அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்ற விரும்புகிறவர் இரண்டு இடங்களில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் செவிலியர் வாரியத்திடம் உரிமம் கேட்டு ஒன்று. ‘என்க்ளெக்ஸ்’ தேர்வு எழுதப் பெயர் பதிந்து, அதை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனத்திடம் மற்றொன்று. முதல் விண்ணப்பத்துக்குப் படிப்புச் சான்றும் மாநிலக் கட்டணமும் தேவை. பெரும்பாலான மாநிலங்களில் கைரேகை வழியான குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. இரண்டாவதற்குத் தேர்வுக் கட்டணம் 200 டாலர். வாரியம் தகுதியை ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வு அனுமதிக் கடிதம் வரும். அந்தக் கடிதம் காலாவதியாகும் முன் தேதி பிடித்து எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் கட்டணம் போய்விடும், பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேர்ச்சி பெறாதவர் மறுமுறை எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். உரிமம் தரும் அதிகாரம் மாநிலங்களிடமே நின்றுவிட, தேர்வு மட்டும் மெல்ல மெல்ல நாடு முழுவதற்கும் ஒன்றானதால் உருவான ஏற்பாடு இது. அப்படி ஆவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை அங்கே செவிலியர் என்று சொல்லிக்கொள்ள எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை. 1873-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும் நியூஹேவனிலும் பாஸ்டனிலும் நைட்டிங்கேல் முறையைத் தழுவிய பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. 1900-க்குள் அத்தகைய பள்ளிகள் நானூறைத் தாண்டின. இந்தப் பெருக்கத்துக்குக் கல்வி ஆர்வத்தைவிடக் கணக்குப் புத்தகமே முக்கியக் காரணம். பள்ளி வைத்திருந்த மருத்துவமனைக்கு மாணவிகளின் உழைப்பு ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது. வார்டில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வேலை பார்த்த பிறகு கேட்கும் ஓரிரு விரிவுரைகளே பல இடங்களில் படிப்பு. ஒரு பள்ளி மூன்றாண்டு பயிற்சிக்குப் பின் பட்டயம் தந்தது, இன்னொன்று சில மாதங்களிலேயே தந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் 1900-இல் தொடங்கிய ஷட்டாக்வா பள்ளி தபால் மூலமே செவிலியம் கற்பித்தது. நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டும் பெண்ணின் கையிலிருந்த பட்டயத்துக்கு என்ன மதிப்பு என்று அந்த வீட்டாருக்குத் தெரிய வழியில்லை.

சட்டப்படியான பதிவேடு வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தது. லண்டனில் எதெல் பெட்ஃபர்டு ஃபென்விக் 1887-இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தை அமைத்து அரசுப் பதிவு கோரினார். அவரை எதிர்த்து நின்றவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். நல்ல செவிலியரின் குணத்தையும் பொறுமையையும் எழுத்துத் தேர்வு அளக்காது, பதிவேட்டில் ஏறிய பெயர் அதன்பின் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சொல்லாது என்பது அவருடைய வாதம். பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாத வாதம் அது. இன்றைய தேர்வு வடிவமைப்பாளர்கள் வரை அதற்குப் பதில் தேடிக்கொண்டேயிருக்கிறார்கள். பிரிட்டனில் சண்டை முப்பதாண்டு நீண்டு, 1919-இல்தான் சட்டம் வந்தது. அதற்குள் வேறு இடங்கள் முந்திவிட்டன. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி, கிம்பர்லியில் பணியாற்றிய சகோதரி ஹென்ரியட்டா ஸ்டாக்டேலின் முயற்சியால் 1891-இலேயே செவிலியரைச் சட்டத்தில் சேர்த்தது. செவிலியருக்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்து. அந்தச் சட்டம் 1901-இல் நிறைவேறியது; 1902 ஜனவரியில் எலன் டோஹர்ட்டியின் பெயர் அதன் பதிவேட்டில் முதலாவதாக ஏறியது.

1901-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கூடிய பன்னாட்டுச் செவிலியர் மாநாடு, எல்லா நாடுகளும் பதிவுச் சட்டம் இயற்ற வேண்டும் என்று தீர்மானித்தது. அமெரிக்கச் செவிலியர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அங்கே தொழில் உரிமம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. வாஷிங்டனில் ஒரு சட்டம் வாங்கினால் போதாது. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திலும் தனித்தனியே போராட வேண்டும். போராடிய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அன்று வாக்குரிமையே கிடையாது. தங்கள் வாக்கை எதிர்பார்க்கத் தேவையில்லாத உறுப்பினர்களிடம் அவர்கள் ஆதரவு கேட்டுப் போனார்கள். அவர்கள் பெற்ற சட்டங்களின் குறைகளை எடைபோடும்போது இதையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

முதலில் வென்றது வட கரோலினா. ராலீ நகரச் செவிலியர்களைத் திரட்டி மாநிலச் சங்கம் அமைத்த மேரி லூயிஸ் வைச் அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1903 மார்ச் 3-ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. தேர்வுக் குழுவில் மூன்று செவிலியர்கள், இரண்டு மருத்துவர்கள். ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் தங்கள் மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் போய்த் தேர்வில்லாமலே பதிந்துகொள்ளலாம். அப்படி அந்த ஜூன் மாதம் கிரேவன் மாவட்டத்தில் பதிந்த ஜோசஃபின் பர்ட்டன்தான் நாட்டின் முதல் பதிவுபெற்ற செவிலியர். அதே ஆண்டிலேயே நியூஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகிய மூன்றும் சட்டம் இயற்றின. அவற்றில் நியூயார்க்கின் ஏற்பாடு உறுதியானது. மாநிலத்தின் கல்வி ஆட்சிக் குழு அங்கீகரித்த பள்ளியில் படித்தவரே அங்கே தேர்வெழுத முடியும். இதனால் மருத்துவமனைகளின் பயிற்சிப் பள்ளிகள் முதன்முறையாக வெளியார் ஆய்வுக்குக் கதவு திறக்க வேண்டியதாயிற்று.

1923-க்குள் அன்றிருந்த 48 மாநிலங்களிலும் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாமே பட்டத்தை மட்டும் காத்தன, தொழிலைக் காக்கவில்லை. பதிவுபெறாதவர் பெயருக்குப் பின்னால் ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) என்று போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். பட்டம் போடாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளியைக் கவனிக்க யாருக்கும் தடையில்லை. தொழிலுக்கே உரிமம் கட்டாயம் என்று முதலில் சொன்ன மாநிலம் நியூயார்க். 1938-இல் இயற்றிய அந்தச் சட்டம், போர்க்காலத்தில் செவிலியர் பற்றாக்குறை வந்ததால் ஒத்திவைக்கப்பட்டு 1949-இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற செவிலியர், அவருக்குக் கீழ் பணியாற்றும் நடைமுறைச் செவிலியர் என்ற இரண்டு நிலைகளையும் அந்தச் சட்டமே வகுத்தது. இன்றும் இரண்டு என்க்ளெக்ஸ் தேர்வுகள் இருப்பது இதன் தொடர்ச்சி.

பதிவேடு எல்லாருக்கும் ஒரேபோலத் திறக்கவில்லை. தென் மாநிலங்களில் செவிலியர் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. தேர்வுக் குழுவின் உறுப்பினர்களோ அந்தச் சங்கங்களிலிருந்து வந்தவர்கள். இந்தப் புறக்கணிப்பை எதிர்த்து 1908-இல் மார்த்தா ஃபிராங்க்ளினின் அழைப்பில் கறுப்பினச் செவிலியர்களின் தேசியச் சங்கம் நியூயார்க்கில் உருவாயிற்று. ஜார்ஜியாவில் லூடி ஆண்ட்ரூஸ், வெள்ளையர் எழுதும் அதே தேர்வை எழுதிப் பதிவுபெறும் உரிமைக்காக ஏறக்குறைய பத்தாண்டு போராடி வென்றார். அவருக்கு மட்டும் உரிமம் தர வாரியம் முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார்; தன் மாணவிகளுக்கும் கிடைத்தால்தான் ஏற்பேன் என்றார். செவிலியர் பதிவின் வரலாற்றில் வைச்சுக்குத் தரும் இடத்தை ஆண்ட்ரூஸுக்கும் தர வேண்டும்.

தேர்வு மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. எழுதும் வினாக்கள் கட்டுரை வகை, திருத்துவது கையால். படுக்கை விரித்தல், கட்டுப் போடுதல், நோயாளிக்கான உணவு தயாரித்தல் எனச் செய்முறைத் தேர்வும் பல இடங்களில் இருந்தது. ஒரு மாநிலத்தில் தேறியவர் அடுத்த மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அவருடைய தேர்ச்சியை அங்கே ஏற்பார்களா என்பது நிச்சயமில்லை. இந்த நிலையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். 1943-இல் போல்ட்டன் சட்டத்தின்படி அமைந்த கேடட் செவிலியர் படைக்கு அரசே படிப்புச் செலவை ஏற்றதால் ஆயிரக்கணக்கானோர் பள்ளிகளில் சேர்ந்தனர். படித்து முடித்து வருகிறவர்களின் கட்டுரை விடைகளைத் திருத்தி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். போர்முனையும் ஊர் மருத்துவமனைகளும் அதுவரை காத்திருக்கவில்லை. அதனால் தேசியச் செவிலியர் கல்வி சங்கம் 1944-இல் ஒரு பொது வினாத் தொகுப்பைத் தந்தது. மாநில வாரியங்கள் அனுப்பிய வினாக்களைச் சேர்த்துச் செப்பனிட்டு, எந்திரம் திருத்தும் கொள்குறி வடிவில் அமைத்தார்கள். 1950-க்குள் எல்லா மாநிலங்களும் அதற்கு வந்துவிட்டன. பிற தொழில்கள் எதிலும் அதுவரை காணாத ஒற்றுமை இது. மாநிலச் சட்டங்களைத் தொடாமல், தேர்வுத் தாளை மட்டும் பொதுவாக்கி, மாநில எல்லையைக் கடக்கும் செவிலியருக்கு வழி திறந்தார்கள்.

அந்தத் தேர்வில் ஐந்து தாள்கள்: மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம். தேர்ச்சி மதிப்பெண்ணை வைப்பது அவரவர் மாநிலம். பிற்பாடு 350 என்பது பெரும்பாலான இடங்களில் நிலைத்தது. நாளடைவில் இந்தத் தேர்வு அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. உறுப்பினர்களின் நலனைப் பேசும் சங்கமே அத்தொழிலுக்குள் நுழையும் தேர்வோடும் பிணைந்திருக்கலாமா என்ற கேள்வி எழுபதுகளில் வலுத்தது. மாநில வாரியங்கள் சங்கத்திலிருந்து பிரிந்து, 1978-இல் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றத்தை அமைத்தன. பொதுமக்களின் பாதுகாப்பைக் கவனிப்பவரும் செவிலியரின் நலனுக்காகப் பேசுபவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற கொள்கை அப்போதுதான் அமைப்பு வடிவம் பெற்றது. 1982 ஜூலையில் அந்த மன்றம் நடத்திய முதல் தேர்வே என்க்ளெக்ஸ். ஐந்து தாள்கள் போய், எல்லாத் துறைகளும் கலந்த ஒரே தேர்வு வந்தது. தேர்ச்சிக்கு 1600 மதிப்பெண். 1988-இல் மதிப்பெண்ணைச் சொல்வதையே நிறுத்தித் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் அறிவிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதும் தேர்வு ஆண்டுக்கு இருமுறைதான், பிப்ரவரியிலும் ஜூலையிலும். பெரிய அரங்குகளில் கூட்டம் கூட்டமாக இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிவிட்டு, முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை தற்காலிக அனுமதியில் வேலை. தோற்றால் அந்த அனுமதி செல்லாது. 1994 ஏப்ரலில் தேர்வு முழுவதும் கணினிக்கு மாறியது. தேர்வரின் விடைக்கு ஏற்ப அடுத்த வினாவின் கடினத்தைக் கூட்டியும் குறைத்தும் தரும் தகவமைப்பு முறையில், நாடு தழுவிய உரிமத் தேர்வை நடத்திய முதல் தொழில் செவிலியம்தான். ஒருவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே நிற்கிறாரா கீழே நிற்கிறாரா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நின்றுவிடும். பதிவுபெற்ற செவிலியருக்கான தேர்வில் அப்போது குறைந்தது 75 வினா, அதிகபட்சம் 265. எழுபத்தைந்தாவது வினாவோடு திரை அணைந்தால் அது வெற்றியா தோல்வியா என்று தெரியாமல் வெளியே வருவது ஒரு தலைமுறைச் செவிலியர்களின் பொது அனுபவமாயிற்று.

வெளிநாட்டில் படித்தவர்களின் கதை தனி. எழுபதுகளில் பிலிப்பைன்ஸிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் விசா பெற்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உரிமத் தேர்வில் தவறினார்கள். செவிலியராகக் கூட்டிவரப்பட்டு, உதவியாளர் சம்பளத்தில் செவிலியர் வேலையையே பார்த்தவர்கள் அவர்களில் பலர். புறப்படுவதற்கு முன்பே அவர்களுடைய படிப்பையும் ஆங்கிலத்தையும் சோதித்துச் சான்று தர 1977-இல் பிலடெல்ஃபியாவில் ஓர் ஆணையம் நிறுவப்பட்டது. ஆனாலும் உரிமத் தேர்வை எழுத அமெரிக்க மண்ணுக்குப் போயாக வேண்டும் என்ற நிலை 2005 வரை நீடித்தது. அந்த ஜனவரியில் லண்டன், சியோல், ஹாங்காங் ஆகிய மூன்று நகரங்களில் மையங்கள் திறந்தன. பின்னர் இந்தியாவும் சேர்ந்தது. சென்னையிலும் மையம் வந்தது. 1926-ஆம் ஆண்டின் மதராஸ் செவிலியர், தாதியர் சட்டத்தின் வழிவந்த தமிழ்நாட்டுப் பதிவேட்டில், அங்கீகரித்த படிப்பை முடித்தவர் தனி உரிமத் தேர்வு இல்லாமலே பெயர் சேர்க்கலாம். தமிழ்நாட்டுச் செவிலியர் பலருக்கு, படித்த பள்ளிக்கு வெளியே ஒருவர் வைக்கும் உரிமத் தேர்வை எழுதும் முதல் அனுபவம் என்க்ளெக்ஸ். 2015-இல் கியூபெக் நீங்கலாகக் கனடாவும் இதே தேர்வை ஏற்றுக்கொண்டது.

தேர்வு நாட்டின் எல்லையையே கடந்துவிட்ட பிறகும் உரிமம் மாநில எல்லைக்குள்தான் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொன்று என்றால் இரு உரிமங்களும் இரு கட்டணங்களும் தேவை. குடியிருக்கும் மாநிலத்தின் உரிமத்தோடு உடன்படிக்கையில் சேர்ந்த பிற மாநிலங்களிலும் பணியாற்றலாம் என்ற ஏற்பாடு 2000-இல் தொடங்கி, 2018-இல் திருத்திய வடிவம் பெற்றது. பெரும்பாலான மாநிலங்கள் இப்போது அதில் இருக்கின்றன. மக்கள்தொகையில் பெரிய கலிபோர்னியாவும் நியூயார்க்கும் சேரவில்லை.

2023 ஏப்ரலில் தேர்வின் உள்ளடக்கமும் மாறியது. தனித்தனி வினாக்களுக்கு நடுவே, ஒரே நோயாளியின் குறிப்பேடு, ஆய்வக முடிவுகள், நேரம் செல்லச் செல்ல மாறும் நிலை ஆகியவற்றைப் படித்துத் தொடர்ந்து முடிவெடுக்கும் நோயாளிக் கதைகள் வந்தன. பாதி சரியான விடைக்கும் மதிப்பெண் உண்டு. வினாக்கள் 85 முதல் 150 வரை, நேரம் ஐந்து மணி. புத்தக அறிவைக் காட்டிலும் படுக்கையருகே செய்யும் தீர்ப்பை அளக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அதே ஆண்டு ஜனவரியில் வெளியான ஒரு வழக்கு, தேர்வால் மட்டும் எதைக் காக்க முடியாது என்பதைக் காட்டியது. ஃபிளாரிடாவின் மூன்று செவிலியர் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட பொய்ப் பட்டயங்களைப் பணத்துக்கு விற்றிருந்தன. மத்திய அரசு 25 பேர் மீது குற்றம் சாட்டியது. வாங்கியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் என்க்ளெக்ஸில் தேறி உரிமமும் பெற்றுவிட்டார்கள். ஒரு நாள்கூடப் பள்ளியின் மேற்பார்வையில் நோயாளியைத் தொடாமல் கணினித் தேர்வில் தேற முடிந்திருக்கிறது. மாநில வாரியங்கள் அந்தப் பள்ளிகளின் பெயரில் வந்த விண்ணப்பங்களை எடுத்து மறுபடி படித்தன. பயிற்சி நேரங்களுக்கான ஆதாரம் கேட்டன. காட்ட முடியாதவர்களின் உரிமங்களைப் பல மாநிலங்கள் ரத்து செய்தன.