பற்றும் வரவும்: சேலத்தில் சொல் தேடிய கதை

1916-ல் சேலத்தில் தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம் ஏற்பட்டது. அப்போது சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜகோபாலாச்சாரியார் அதை ஏற்படுத்தியவர்களில் முக்கியமானவர். ரசாயனம், பௌதிகம், கணிதம் போன்ற துறைகளைத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் அவற்றுக்குச் சொற்கள் வேண்டும், சொற்களைத் தனி மனிதர்கள் ஆளுக்கொன்றாகச் செய்துகொண்டிருந்தால் குழப்பமே மிஞ்சும், எனவே கூடிச் செய்யவேண்டும் என்பது சங்கத்தின் கட்சி. புதுச்சேரியிலிருந்த பாரதி இம்முயற்சியைக் கவனித்து எழுதினார். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக, எளிய சம்ஸ்கிருதப் பதங்களிலிருந்து பரிபாஷை அமைவது சௌகரியம் என்பது அவர் யோசனை. தமிழில் நவீனத்துவம் என்று நாம் பேசுகிறபோது கவிதையையும் சிறுகதையையும் மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். சேலம் ஜில்லாவின் ஒரு தெருவில் உட்கார்ந்து சிலர் வாயுக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்ததும் அந்தக் காரியத்தின் ஒரு பகுதிதான்.

சங்கம் தேடிய சொற்கள் பெரும்பாலும் இயற்கை விஞ்ஞானங்களுக்கு உரியவை. வியாபாரத்துக்கு யாரும் சொல் தேடவில்லை. காரணம் வெளிப்படை. வியாபாரத்துக்குத் தமிழில் சொல் இருந்தது. செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரருக்கோ, திருச்செங்கோட்டுச் சந்தையில் மாடு பிடித்தவருக்கோ எந்தச் சங்கமும் சொல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சிட்டை, பேரேடு, கொள்முதல், கையிருப்பு, பற்று, வரவு, ஐந்தொகை என்று தமிழ்ச் சொற்கள். லாபம், நஷ்டம், கிரயம் என்று வடமொழிச் சொற்கள். வசூல், பாக்கி, ரசீது என்று அரபு, பாரசீக வழியில் வந்தவை. ஏலம் போல போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. ஒரே பக்கத்தில் இவை சண்டையில்லாமல் உட்கார்ந்திருந்தன. கணக்குப்பிள்ளைக்குச் சொல்லின் ஜாதகம் வேண்டாம். மாலையில் கணக்கு நேராக வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சொற்களுக்குள் ஒரு சிந்தனை இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒருவர் கடையில் நூறு ரூபாய் கொடுக்கிறார். நாள்வழியில் அவர் பெயரில் வரவு. பேரேட்டில் அவருக்குரிய பக்கத்திலும் வரவு. பிறகு அறுபது ரூபாய்க்குத் துணி எடுக்கிறார். அவர் பெயரில் பற்று. பற்று என்பது அவர் பற்றிக்கொண்டு போனது. அதனால் அவர் தரவேண்டியது. ஆங்கிலத்தின் டெபிட் என்ற சொல்லும் லத்தீனில் கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் வினையிலிருந்துதான் வந்தது. இரண்டு மொழிகளும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் கடைக் கணக்கில் பணப்பெட்டிக்கென்று தனிக் கணக்கு இல்லை. நாள்வழியே பெட்டி. கணக்கு எப்போதும் மனிதர்களைப் பற்றியதாக இருந்தது.

இதற்கிடையில் சொல்லாக்கம் வேறு திசையில் போயிற்று. 1938-ல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டது. 1940-ல் அரசாங்கம் அமைத்த கலைச்சொற் குழுவுக்கு வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தலைவர் ஆனபோது, இது வடமொழிக்குக் கதவு திறக்கும் ஏற்பாடு என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. பிராணவாயுவா, உயிர்வளியா, ஆக்ஸிஜனா என்ற கேள்வி மொழியின் மானப் பிரச்சினையாயிற்று. சேலத்துக்கு இந்தச் சண்டையின் இரு முனைகளோடும் உறவு உண்டு. ராஜாஜியின் சங்கம் பிறந்த அதே ஊரில், 1944 முதல் 1956 வரை நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் தேவநேயப் பாவாணர். ஒருவர் புழக்கத்தையும் வசதியையும் பார்த்தார். மற்றவர் வேரைப் பார்த்தார். இருவரும் தமிழால் முடியும் என்று நம்பியவர்கள். அவர்களுக்கிடையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. இருவருமே பெயர்ச்சொல்லோடு நின்றுகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. இருவரும் தெளிவான வசனம் எழுதியவர்கள். ஆனால் அவர்கள் தொடங்கிவைத்த விவாதத்தைப் பின்னால் நடத்தியவர்கள் பெயர்ச்சொல்லைத் தாண்டவில்லை. சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அது வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கவில்லை.

1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஆட்சிச் சொல் அகராதி வந்தது. அறுபதுகளில் கல்லூரிகளில் தமிழ் பயிற்றுமொழியாகத் தொடங்கியது. பாடநூல்கள் தமிழில் எழுதப்பட்டன. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது வணிகவியலும் கணக்குப்பதிவியலும் கிராமத்துப் பள்ளிகளை எட்டின. ராசிபுரம், ஆத்தூர், பரமத்தி, சங்ககிரிப் பக்கத்துப் பிள்ளைகள், தங்கள் வீட்டுத் திண்ணையில் பேசப்பட்ட விஷயத்தை முதல் தடவையாகப் பாடமாகப் படித்தார்கள். இது சிறிய காரியமல்ல. மூன்று தலைமுறைக்கு முன் இந்த வகுப்பறைகளின் வாசலை மிதித்திருக்க முடியாதவர்கள் அவர்கள்.

அங்கேதான் விபத்தும் நேர்ந்தது. பாடத்தின் முதல் வாரத்திலேயே மாணவன் ஒரு விதியை மனப்பாடம் செய்தாகவேண்டும்: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. தமிழ் தெரிந்த எவனையும் இது திகைக்கச் செய்யும். வருவது எப்படி வரவு ஆகாமல் போகும்? இரட்டைப் பதிவு முறையில் பணப்பெட்டியும் ஒரு ஆள். நூறு ரூபாய் வந்தால் பெட்டி அதைப் பற்றிக்கொண்டது. ஆகவே பெட்டியின் பெயரில் பற்று. கொடுத்தவர் பெயரில் வரவு. பெட்டியையும் ஒரு ஆளாகப் பாவித்துக்கொள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பழைய சொல் புதிய முறைக்குள் இயல்பாக நுழைந்துவிடும். ஆனால் பாடநூல் பற்று, வரவு என்ற சொற்களை டெபிட், கிரெடிட் என்பவற்றின் முகமூடிகளாக மட்டுமே எடுத்துக்கொண்டது. நான் பார்த்த வகுப்புகளில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவர்கள் அரிது. மளிகைக்கடைக்காரரின் மகன் தன் அப்பாவிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் அறிவை, அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, விதியாகத் திருப்பிக் கொடுத்தோம். சொல் தமிழாகவே இருந்தது. அர்த்தம்தான் அந்நியமாயிற்று.

அறிக்கை எழுதும் பாடத்துக்கு வரும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எண்பதுகளில் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்குச் சில காலம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அறிக்கைக்குரிய சொற்கள் என்று ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது வழக்கம்: காரணி, இலக்கு, விற்றுமுதல், பரிந்துரை, நடவடிக்கை, செயலாக்கம். ராசிபுரம் பக்கத்து நெசவுக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவன், தன் ஊர்ச் சங்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். சங்கம் நட்டத்தில் இயங்கி வருகிறது. இதற்குப் பல்வேறு காரணிகள் உள்ளன. விற்றுமுதலைப் பெருக்கத் தக்க நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. பட்டியலில் இருந்த சொற்களில் பெரும்பாலானவை வந்துவிட்டன. பிழை இல்லை. நல்ல மதிப்பெண் போட்டேன்.

பிறகு, என்னப்பா நடந்தது உங்க ஊர்ச் சங்கத்துல என்று வெளியே வராந்தாவில் கேட்டேன். "நூல் வெல ஏறுனப்ப வாங்கிப்புட்டாங்க சார். சேலை தேங்கிப் போயிருச்சு. தீபாவளி தாண்டுனதும் வந்த வெலைக்குத் தள்ளிவிட்டாங்க. கூலி மூணு மாசமாப் பாக்கி." நான்கு வாக்கியம். காரணம், காலம், விளைவு, யார் தலையில் விடிந்தது என்பது வரை எல்லாம் இருக்கிறது. அறிக்கை என்பது இதுதான். அவன் அதை வராந்தாவில் சொன்னான், தாளில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று அவனுக்குக் கற்பித்தவன் நான்.

ஆக, குறை எங்கே? பட்டியலில் இருந்தவை எல்லாம் பெயர்ச்சொற்கள். வாங்கினார்கள், தேங்கியது, தள்ளிவிட்டார்கள் என்ற வினைகள் அவனிடம் ஏற்கெனவே இருந்தன. வினைக்கு எழுவாய் வேண்டும். யாரோ ஒருவர் வாங்கியாக வேண்டும். மேற்கொள்ளப்பட வேண்டும் என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆட்சித்தமிழின் செயப்பாட்டு வினைக்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன என்று கூட்டுறவுச் சங்கங்களின் நிகழ்ச்சிப் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியத்தில் ஒரு மனிதரின் முகமும் தெரியாது. நெசவாளி மகன் அந்த நடையைக் கற்றுக்கொண்டபோது, தன் கூலியைக் கேட்பதற்கான இலக்கணத்தையே இழந்துகொண்டிருந்தான். வெறும் நடைப் பிரச்சினை இல்லை இது.

இந்தச் சமவெளியில் இதற்கு மாற்று உதாரணமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. 1981-ல் உற்பத்தியாளர்களுக்கான கூட்டுறவு விற்பனை அமைப்பாக சேகோசர்வ் ஏற்பட்டது. கிழங்கு விற்கிற விவசாயியின் வாயில் புழங்கும் முக்கியமான சொல் பாயிண்ட். கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு அது. விலை அதைப் பொறுத்தது. எந்தக் கலைச்சொல் அகராதியும் இதைத் தரவில்லை. தரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதேபோல, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் தொடங்கிய பிறகு, நாமக்கல் மண்டலத்தில் முட்டைக் கொள்முதல் விலை இத்தனை காசு ஏறியது, இறங்கியது என்று தினசரிகளில் வந்துகொண்டிருக்கும் சின்னச் செய்தி. தமிழில் எழுதப்படும் வணிக அறிக்கைகளில் சுத்தமானது இதுவாக இருக்கலாம். கொள்முதல் பழைய சொல், மண்டலம் வடசொல், காசு எல்லோருடைய சொல். ஏறியது, இறங்கியது என்ற இரு வினைகள் மொத்தச் செய்தியையும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பண்ணைக்காரரும் லாரிக்காரரும் அதைப் படித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

இதனால் கலைச்சொல் தேடியவர்கள் வீண்வேலை செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தேய்மானம் என்ற சொல்லைப் பாருங்கள். இயந்திரத்தின் மதிப்பு வருஷாவருஷம் குறைகிறது என்ற கருத்துக்கு, தேய்கிற கலப்பைக் கொழுவையும் செருப்பையும் அறிந்த எவனுக்கும் புரிகிற சொல். தேய்கிறது என்ற வினை உள்ளே உயிரோடு இருப்பதால் அது நிலைத்தது. நல்ல கலைச்சொல் ஒரு வினையை மடித்து வைத்திருக்கிறது. மாணவன் அதைப் பிரித்து வாக்கியமாக்க முடிகிறது. காரணி அப்படிப் பிரிவதில்லை. காரணிகள் உள்ளன என்பதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது.

1968-ல் சேலத்திலிருந்து ஒரு காலாண்டிதழ் வந்தது. எட்டு இதழ்களோடு நின்றுபோன அதற்குப் பெயர் நடை. அதில் முன்னணியில் இருந்த சி. மணி, ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்தவர். புதுக்கவிதையின் வரலாற்றில் அதன் இடத்தை நாம் அறிவோம். சொல்லை வேரால் அளக்காமல், வாக்கியத்தில் அது நடக்கும் விதத்தால் அளந்த பத்திரிகை என்று அதை இன்னொரு வரலாற்றிலும் சேர்க்கலாம். அதே ஊரில் 1916-ல் தொடங்கிய தேடலுக்கு அது ஒரு பதில். ஆனால் அந்தப் பதில் கவிஞர்களோடு நின்றது. வகுப்பறையை எட்டவில்லை. அறிக்கை நம் வேலையில்லை என்று நாம் இருந்துவிட்டோம்; இலக்கியம் தம் வேலையில்லை என்று பாடநூல் எழுதியவர்கள் இருந்துவிட்டார்கள்.

அந்த மாணவனின் தாளை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் வராந்தாவில் சொன்ன நான்கு வாக்கியங்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. பழைய கணக்குப்படி பார்த்தால், அவை என் பெயரில் பற்று.