ரிட்டயர் ஆன நாய்க்கு யார் சோறு போடுவது?



எங்கள் பெரியப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கடைசி நாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஸ்வீட் காரம் கொடுத்து அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு குள்ளஞ்சாவடி வீட்டுக்கே வந்துவிட்டார். 2019 நவம்பரில் ஒருநாள் அவரோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்லி மெட்ரோ ரயிலுக்குக் காவல் இருந்த 7 மோப்ப நாய்களுக்கு சி.ஐ.எஸ்.எஃப். படையினர் பணிநிறைவு விழா நடத்துவதைக் காட்டினார்கள். மெடல், சான்றிதழ், நினைவுப் பரிசு எல்லாம் கொடுத்தார்கள். நான் சிரித்தேன். பெரியப்பா சிரிக்கவில்லை.

"பரேடுல வருமே, அந்த நாயெல்லாம் வயசானப்புறம் எங்கடா போயிருக்கும்? ஒருநாளும் கேட்கத் தோணலையே" என்றார்.

நெய்வேலிக்கும் காவல் அதே சி.ஐ.எஸ்.எஃப். தான். அதனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. பி.காம். படிக்க வந்த பிறகு அது இன்னும் பெரிதானது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கல்லில் பேர் வாங்கிய நாய்கள்

முதலில் பழைய கதை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்துபோனான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? நாயின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோவிவன் என்பது பெயர். இரண்டு கள்ளர்களைக் கடித்துத் தன் எஜமானுக்குக் காவலாக நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. 1400 வருடத்துக்கு முந்தைய எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும்!

இன்னொன்று கர்நாடகத்தில், மாண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்தது. 949இல் நம் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் பெரிய போர் நடந்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்த போர். எதிர்த்தரப்பில் சண்டையிட்ட கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனின் வீரத்தைப் பார்த்து மகிழ்ந்து, என்ன வேண்டுமோ கேள் என்றான். அவன் பொன்னும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பிறகு அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதியதில் இரண்டுமே செத்தன. காளிக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. கோவிவனும் காளியும் சண்டை போட்டதால்தான் கல்லில் ஏறினார்கள். காவல் காத்து, வயதாகி, கண் மங்கி, திண்ணையில் படுத்துச் செத்த நாய்க்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் திண்ணை நாய்களைப் பற்றியது.

அரசாங்க வேலையில் நாய்

சென்னை மாகாண போலீஸில் மோப்ப நாய்ப் படை 1950களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ராணுவத்தில் 1959இல் மீரட்டில் உள்ள குதிரை மற்றும் கால்நடைப் படை மையத்தில் நாய்ப் பயிற்சி தொடங்கியது. எல்லைப் பாதுகாப்புப் படை 1970இல் குவாலியர் அருகே தேகன்பூரில் தேசியப் பயிற்சி மையம் ஆரம்பித்தது. லாப்ரடார், அல்சேஷன், டாபர்மேன், பின்னாளில் பெல்ஜியன் மாலினாய்ஸ் என்று பல இனங்கள் வந்தன.

இந்த நாய்களின் வாழ்க்கை எப்படி? குட்டியாக இருக்கும்போதே தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். ஒரு நாய்க்கு ஒரு ஹாண்ட்லர். சாப்பாடு, குளியல், ஓட்டம் எல்லாம் அவர் கையில்தான். வெடிமருந்து வாசனையைக் கண்டுபிடித்தால் நாய்க்கு என்ன சம்பளம் தெரியுமா? ஒரு பந்து! கொஞ்ச நேரம் விளையாட்டு, ஒரு தட்டிக்கொடுப்பு. அவ்வளவுதான்.

எட்டு முதல் பத்து வயதுக்குள் ரிட்டயர்மென்ட். பெரிய இன நாய்களுக்கு இடுப்பு எலும்பும் மூட்டும் சீக்கிரம் தேய்கின்றன. சுவர் ஏறவோ ஜீப்பில் தாவவோ முடியாது. ஆனாலும் அதற்கு மேல் இன்னும் சில வருடம் உயிரோடு இருக்கும். அந்தச் சில வருடத்துக்கு யார் பொறுப்பு? பிரச்சினையே இங்கேதான்.

கணக்குப் புத்தகத்தில் நாய்

எங்கள் வகுப்பு நண்பர்களுக்கு இந்தப் பகுதி புரியும். வருமான வரிப் பாடத்தில் நாம் படித்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆவது பிரிவு நினைவிருக்கிறதா? அதில் ஒரு சின்ன உட்பிரிவு உண்டு. தொழிலுக்குப் பயன்படுத்திய விலங்கு செத்துப்போனாலோ, நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ, வாங்கிய விலையிலிருந்து அந்த விலங்கையோ அதன் உடலையோ விற்று வந்த பணத்தைக் கழித்து, மீதியைச் செலவாகக் காட்டலாம். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. நானும் மனப்பாடம் செய்து எழுதினேன். எழுதும்போது பெரியப்பாவின் கேள்வி ஞாபகம் வந்தது. செத்துப்போனதும் பயனற்றுப் போனதும் கணக்கில் ஒரே வரியில் நிற்கின்றன!

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. கணக்கு என்றால் அப்படித்தான் எழுத முடியும். ஆனால் கணக்கு எழுதுவது மாதிரியே நடக்கவும் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போர் உதாரணம். அமெரிக்க ராணுவம் அங்கே சுமார் 4000 நாய்களைப் பயன்படுத்தியது. பொறிவைத்த குழிகளையும் பதுங்கியிருந்தவர்களையும் மோப்பம் பிடித்து எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியவை. போர் முடிந்து ஊர் திரும்பியவை சுமார் 200 மட்டுமே. மற்றவற்றில் போரில் செத்தவை போக, மிஞ்சியவற்றை உபரித் தளவாடம் என்று கணக்கில் எழுதி, தென் வியட்நாம் ராணுவத்திடம் விட்டார்கள் அல்லது ஊசி போட்டுக் கொன்றார்கள். லாரி, ஜெனரேட்டர் வரிசையில் நாயும் ஒரு ஐட்டம். கூடவே படுத்துத் தூங்கிய ஹாண்ட்லர்கள் வயதான பிறகும் அதை மறக்கவில்லை.

அந்த நிலை சட்டப்படி மாற 2000ஆம் ஆண்டு நவம்பர் வரை ஆனது. ஓய்வு பெறும் ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்கலாம் என்ற சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். ராபி என்ற நாயின் பெயரால் அதை ராபி சட்டம் என்கிறார்கள். ராபியை அதன் பழைய ஹாண்ட்லர் வீட்டுக்கு அழைத்துப் போக ஆசைப்பட்டார். ஆனால் சட்டம் வந்தும் ராபிக்குப் பயன்படவில்லை. உடல்நிலை மோசமாகி 2001 தொடக்கத்தில் அதைக் கருணைக்கொலை செய்துவிட்டார்கள்.

நம் ஊர் நிலவரம்

அமெரிக்காவைச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2015இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் ஒரு விஷயம் வெளியே வந்தது. நம் ராணுவத்திலும் வேலைக்குத் தகுதியில்லாமல் போன நாய்களைக் கருணைக்கொலை செய்வதுதான் வழக்கமாக இருந்தது. பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம் இரண்டு. ஒன்று, முகாம்களின் இடமும் வழியும் அந்த நாய்களுக்குத் தெரியும், தவறான ஆள் கையில் சிக்கக்கூடாது. இரண்டு, வேலை செய்யாத நாய்களை வைத்துப் பராமரிக்க வசதி இல்லை. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. நடைமுறையை மாற்றப் புதிய கொள்கை வகுப்பதாக மத்திய அரசு சொன்னது. அதன்பின் குணமாகாத நோய் வந்த நாய்களைத் தவிர மற்றவை பிழைத்தன. மீரட்டில் ஓய்வு பெற்ற நாய்களைப் பராமரிக்கிறார்கள், தத்தும் கொடுக்கிறார்கள்.

இங்கே மும்பையின் ஜன்ஜீரைச் சொல்லாமல் போக முடியாது. 1993 குண்டுவெடிப்புச் சமயத்தில் மும்பை போலீஸில் இருந்த லாப்ரடார். 3329 கிலோ ஆர்.டி.எக்ஸ்., 600 டெட்டனேட்டர், 249 கையெறி குண்டுகள் எல்லாம் அதன் மூக்கால் பிடிபட்டவை. எத்தனை ஆயிரம் உயிர் தப்பியது என்று எண்ணவே முடியாது. 2000 நவம்பரில் எலும்புப் புற்றுநோயால் எட்டு வயதில் இறந்தபோது முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பூக்களால் மூடிய அந்த உடலுக்கு போலீஸ்காரர் ஒருவர் சல்யூட் அடிக்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் அதே காலத்தில்தான் ராணுவத்தில் வயதான நாய்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிவன் காலத்துக் கணக்கு மாறவே இல்லை. பணியில் இறந்தால் கல், வயதானால் கணக்கிலிருந்து நீக்கம்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் வேலை செய்த மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் என்ற நான்கு போலீஸ் நாய்கள் ரிட்டயர் ஆனபின் விரார் பக்கம் ஒரு பண்ணையில் வாழ்ந்தன. நான்கும் 2016இல் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. கடைசியாகப் போனது சீசர். மற்ற மூன்றும் போனபின் அது சோர்ந்து கிடந்ததாகச் செய்திகள் வந்தன. இடம், சாப்பாடு மட்டும் போதாது, துணையும் வேண்டும் என்று அதிலிருந்து தெரிகிறது.

2019இல் கேரள போலீஸ் திருச்சூர் அகாடமி வளாகத்திலேயே 'விஸ்ராந்தி' என்ற பெயரில் போலீஸ் நாய்களுக்கு முதியோர் இல்லம் திறந்தது. அதே வருடம்தான் நான் முதலில் சொன்ன டெல்லி விழா. அந்த 7 நாய்களையும் பராமரிக்க ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். 2022இல் நாசிக் போலீஸ் தங்கள் ஸ்பைக் என்ற நாயைப் பூ அலங்காரம் செய்த வண்டியில் உட்கார வைத்து வழியனுப்பியது.

விழா முடிந்த மறுநாள்

விழாவில் மாலை போடுவது சுலபம். மறுநாள் காலை யார் சோறு போடுவது? மூட்டு வலிக்கு மாத்திரை யார் வாங்குவது? ஹாண்ட்லர் எடுத்துக்கொள்வதுதான் நாய்க்கு நல்லது என்று யாருக்கும் தெரியும். ஆனால் அவர் போலீஸ்காரர். குவார்ட்டர்ஸில் இருப்பார், அடிக்கடி டிரான்ஸ்ஃபர், வீட்டில் குழந்தைகள் படிப்பு. வயதான பெரிய நாய்க்கு மாதாமாதம் ஆகிற செலவை அவர் சம்பளத்திலிருந்து எடுக்கச் சொல்வது நியாயமா?

இதற்கு ஒரு எளிய வழியை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் போலீஸ் 2013இல் காட்டியது. ரிட்டயர் ஆன நாயை வளர்ப்பவருக்கு, அதன் வைத்தியச் செலவுக்காக வருடம் 500 பவுண்டு வரை, மூன்று வருடத்துக்கு. மொத்தம் 1500 பவுண்டு. நாய்க்குப் பென்ஷன் என்று பத்திரிகைகள் கேலியும் பாராட்டுமாக எழுதின. எனக்கு அது கேலியாகப் படவில்லை. ஒரு நாயை வாங்கும்போதே, பயிற்சி கொடுக்கும்போதே, அதன் கடைசி மூன்று வருடச் செலவையும் சேர்த்து ஒதுக்கிவிட வேண்டும். காமர்ஸ் மொழியில் இதற்கு புரொவிஷன் என்று பெயர். வரப்போகிற செலவு என்று தெரிந்தும் ஒதுக்காமல் விட்டால் அது தப்பான கணக்கு என்றுதானே முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்?

நம் அரசியல் சட்டத்தில் 1976இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் ஒன்று. எங்களுக்கு அது புதிதல்ல. குள்ளஞ்சாவடியிலிருந்து நெய்வேலி போகும் பஸ் வடலூர் வழியாகத்தான் போகிறது. வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கிய ஊர். பசித்தவன் உழைப்பவனா, உழைத்து ஓய்ந்தவனா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஜீவகாருண்யம் என்ற வார்த்தையை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே கேட்டுவிடுகிறார்கள்.

போன வாரம் இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். மீரட், திருச்சூர், பென்ஷன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பந்தை கூடவே கொடுத்து அனுப்பறாங்களாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கொடுத்து அனுப்பினால் நன்றாக இருக்கும்.